பிரவுசர் கேம் ஃபிரேம்வொர்க்கை ஓப்பன் சோர்ஸாக வெளியிடும் முன்

பிரவுசரில் ஓடும் கேம் ஒன்றை எழுதி முடித்தவர்கள், இரண்டாவது கேமைத் தொடங்கும்போது முதல் கேமின் நிரலில் பாதியை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். படங்களை ஏற்றும் பகுதி, தொடுதிரையையும் விசைகளையும் கவனிக்கும் பகுதி, இரண்டு உருவங்கள் மோதினவா என்று பார்க்கும் பகுதி, ஒலி. மூன்றாவது கேம் வருவதற்குள் அது தனி ஃபோல்டராகிவிடும், அதற்கு ஒரு பெயரும் வந்துவிடும். சென்னையில் ஓஎம்ஆர் பக்கம் ஐடி வேலை பார்த்துக்கொண்டு இரவில் கேம் எழுதுபவர்களிடமும், பொறியியல் கல்லூரி இறுதியாண்டு மாணவர்களிடமும் இப்படிப் பிறந்த ஃபிரேம்வொர்க்குகள் லேப்டாப்பிலேயே தங்கிக் கிடக்கின்றன. ஒரு நாள் அந்த யோசனை வரும்: இதை ஓப்பன் சோர்ஸாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளும்படி, வெளியிட்டால் என்ன?

வெளியிட வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் நிரலைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றுவது ஐந்து நிமிட வேலை. முகம் தெரியாத ஒருவர் அதை நம்பித் தன் கேமை எழுத முடிகிற நிலைக்குக் கொண்டுவருவது வேறு வேலை. அந்த வேலையின் பெரும்பகுதி நிரலுக்கு வெளியே இருக்கிறது. உரிமை யாருடையது, எந்த லைசென்ஸ், எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது, பிரவுசர்கள் மாறும்போது யார் கூடவே ஓடுவது என்ற கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் வைத்திருப்பவர்களின் ஃபிரேம்வொர்க்தான் நிலைக்கிறது.

ஃபிரேம்வொர்க் உண்மையில் செய்யும் வேலை

லைப்ரரிக்கும் ஃபிரேம்வொர்க்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கல்யாண வீட்டை வைத்துச் சொல்லலாம். சமையலுக்கு மட்டும் ஆள் வைத்தால், எப்போது வர வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்று நாம் சொல்கிறோம். மண்டபம், பந்தல், சாப்பாடு என்று மொத்தமாக காண்ட்ராக்ட் விட்டால், எப்போது எது நடக்க வேண்டும் என்று அவர்கள் சொல்கிறார்கள், நாம் போய் நிற்கிறோம். ஃபிரேம்வொர்க் இரண்டாவது வகை. கேமின் இதயத்துடிப்பு அதன் கையில் இருக்கிறது. நம் நிரலை அது தேவையான நேரத்தில் கூப்பிடுகிறது.

அந்தத் துடிப்புக்கு கேம் லூப் என்று பெயர். திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் பிரவுசர் நம் நிரலை ஒரு முறை அழைக்கும். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 16.7 மில்லி விநாடி. அதற்குள் உள்ளீட்டைப் படித்து, உருவங்களை நகர்த்தி, மோதலைச் சோதித்து, திரையில் வரைந்தாக வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் ‘ஒரு சுற்றுக்கு 5 பிக்சல் நகர்’ என்று எழுதிவிடுவார்கள். அவர்கள் லேப்டாப்பில் நன்றாக ஓடும். 120 ஹெர்ட்ஸ் திரை உள்ள போனில் திறந்தால் கேம் இரண்டு மடங்கு வேகத்தில் பாயும். இதைத் தவிர்க்க, கடந்த சுற்றுக்கும் இந்தச் சுற்றுக்கும் இடையே எவ்வளவு நேரம் ஆனது என்று அளந்து அதற்கேற்ப நகர்த்த வேண்டும். அதோடு முடிவதில்லை. ஆடுபவர் வேறு டேபுக்குப் போய் ஒரு நிமிடம் கழித்துத் திரும்பினால், அந்த இடைவெளி ஒரு நிமிடம் என்று கணக்காகி, ஓடிக்கொண்டிருந்த உருவம் ஒரே தாவலில் சுவரைத் தாண்டி எங்கேயோ போய் விழும். அந்த இடைவெளிக்கு ஓர் உச்சவரம்பு வைக்க வேண்டும்.

நல்ல ஃபிரேம்வொர்க் என்பது இப்படிப்பட்ட அனுபவங்களின் தொகுப்பு. யாரோ ஒருவர் இந்தப் பிழையில் மாட்டி, காரணம் கண்டுபிடித்து, அடுத்தவர் மாட்டாதபடி சரிசெய்து வைத்திருக்கிறார். அதனால்தான் கேமே எழுதாமல் ஃபிரேம்வொர்க் எழுதத் தொடங்குபவர்களிடம் எனக்குத் தயக்கம் உண்டு. எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது. குறைந்தது இரண்டு மூன்று கேம்களையாவது அதில் முடித்து, மற்றவர்களை ஆடவைத்துப் பார்த்த பிறகு வெளியிடுவதே சரி.

ஃப்ளாஷ் போன பிறகு

இத்தனை ஃபிரேம்வொர்க்குகள் ஏன் வந்தன என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. 2000-களில் பிரவுசர் கேம் என்றாலே, பிரவுசரில் தனியாகச் சேர்த்துக்கொள்ளும் ஃப்ளாஷ் மென்பொருள்தான். பிரவுசிங் சென்டரில் மணிக்குக் காசு கொடுத்து ஆடிய தலைமுறைக்கு அது நன்றாக நினைவிருக்கும். ஃப்ளாஷ் ஒரே நிறுவனத்தின் சொத்து. முதலில் மேக்ரோமீடியா, 2005-ல் அதை வாங்கிய அடோபி. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனில் ஃப்ளாஷுக்கு ஏன் இடமில்லை என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். 2011 நவம்பரில் மொபைல் பிரவுசர்களுக்கான ஃப்ளாஷை அடோபியே கைவிட்டது. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆதரவு முழுவதுமாக முடிந்தது. அந்தக் காலத்து கேம்கள் பல, இன்று ரஃபிள் போன்ற ஓப்பன் சோர்ஸ் எமுலேட்டரின் (ஃப்ளாஷைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள்) தயவில்தான் திறக்கின்றன.

ஃப்ளாஷ் இருந்த இடத்தில் வந்தவை பிரவுசருக்குள்ளேயே இருக்கும் வசதிகள். திரையில் வரைய ஆப்பிள் 2004-ல் கொண்டுவந்த கேன்வாஸ், கிராஃபிக்ஸ் சிப்பைக் கொண்டு வேகமாக வரைய 2011-ல் முதல் பதிப்பு வெளியான வெப்ஜிஎல், அப்புறம் ஒலிக்கு வெப் ஆடியோ. இவை கச்சாப் பொருட்கள். ஃப்ளாஷ் மென்பொருள் தந்த சொகுசு எதுவும் இவற்றில் இல்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பத்தான் ஃபிரேம்வொர்க்குகள் வரிசையாக வந்தன. 2010-ல் ரிக்கார்டோ கபெல்லோவின் த்ரீஜேஎஸ், அதே ஆண்டு டொமினிக் ஷாப்லெவ்ஸ்கியின் இம்பாக்ட், 2013-ல் பிக்ஸிஜேஎஸ், பாபிலான்ஜேஎஸ், ஃபேசர்.

இதில் இம்பாக்டையும் ஃபேசரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இம்பாக்ட் 99 டாலர் விலைக்கு விற்கப்பட்டது. தரமான பொருள். அதன் மேல் எழுதப்பட்ட ‘கிராஸ்கோட்’ கேம் கணினியிலும் கன்சோல்களிலும் வெளிவந்து பெயர் வாங்கியது. ஃபேசர் இலவசம், எழுதியவரின் அறிவிப்பை வைத்துக்கொண்டு யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற எம்ஐடி லைசென்ஸ். அதை எழுதிய ரிச்சர்ட் டேவி ஃப்ளாஷ் உலகத்திலிருந்து வந்தவர். ஃப்ளாஷில் ஆடம் சால்ட்ஸ்மன் உருவாக்கிய ஃப்ளிக்ஸல் என்ற ஓப்பன் சோர்ஸ் ஃபிரேம்வொர்க்கின் பழக்கவழக்கங்களை அவர் கூடவே எடுத்துவந்தார். இரண்டில் எது பரவியது என்பது எல்லோருக்கும் தெரியும். இம்பாக்டும் 2018-ல் எம்ஐடி லைசென்ஸில் இலவசமாக்கப்பட்டது. ஆனால் அதற்குள் பயிற்சிக் கட்டுரைகள், உதாரணங்கள், கேள்வி-பதில்கள் எல்லாம் ஃபேசரைச் சுற்றிக் குவிந்துவிட்டன.

99 டாலர் என்பது 2010-ல் சென்னைக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு எவ்வளவு பெரிய தொகை என்று யோசித்தால் காரணம் புரியும். அதைவிடப் பெரிய தடை, வெளிநாட்டுக்குப் பணம் கட்ட உதவும் கார்டு வைத்திருக்க வேண்டும் என்பது. இலவசமாகக் கிடைத்தால் யார் என்ன செய்வார்கள் என்று வெளியிடுபவருக்குத் தெரியாது. லூகா கலான்டே என்பவர் 2021-ல் ஃபேசரை வைத்து எழுதிய ‘வேம்பயர் சர்வைவர்ஸ்’, 2023-ல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த கேம் விருதை வாங்கியது. அது பின்னர் வேறு எஞ்சினுக்கு மாற்றப்பட்டது என்பது வேறு விஷயம். தொடங்குவதற்கு அவர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 2023 செப்டம்பரில் கேம் எஞ்சின் தயாரிக்கும் யூனிட்டி நிறுவனம், ஒரு வரம்பைத் தாண்டிய கேம் ஒவ்வொரு முறை இன்ஸ்டால் ஆகும்போதும் கட்டணம் என்று திடீரென அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பி, ஓராண்டு கழித்து அதை ரத்து செய்தார்கள். ஆனால் பல ஆண்டு உழைப்பை ஒரே நிறுவனத்தின் முடிவில் கட்டிவைத்தால் என்ன ஆகும் என்று அந்த ஓராண்டு காட்டியது. ஓப்பன் சோர்ஸில் வெளியான ஒரு பதிப்பை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. அடுத்த பதிப்பின் விதிகளை மாற்றலாம். கையில் இருப்பது கையில் இருப்பதுதான்.

யாருடைய நிரல், எந்த லைசென்ஸ்

நம் ஊரில் இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. எழுதியவருக்கு உரிமை தானாகவே வந்துவிடும், எங்கும் பதிவுசெய்ய வேண்டியதில்லை. இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. லைசென்ஸ் எதுவும் போடாமல் கிட்ஹப்பில் ஏற்றினால், உலகமே அதைப் பார்க்கலாம், ஆனால் எடுத்துப் பயன்படுத்த யாருக்கும் உரிமை இல்லை. பொதுவில் வைத்துவிட்டோம், அதனால் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிட்டது என்று நினைத்து இப்படிக் கிடக்கும் ரிப்போக்கள் (கிட்ஹப்பில் நிரல் இருக்கும் ஃபோல்டர்கள்) ஏராளம்.

அடுத்தது, எழுதியவருக்கே உரிமை இருக்கிறதா என்ற கேள்வி. அதே சட்டத்தின் 17-வது பிரிவு, வேலையின் பகுதியாக எழுதப்பட்ட படைப்புக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது. இரவில், சொந்த லேப்டாப்பில், வேலைக்குச் சம்பந்தமில்லாத கேமுக்காக எழுதியது இதில் வராது என்று வாதிடலாம். ஆனால் பல ஐடி நிறுவனங்களின் வேலை ஒப்பந்தம் சட்டத்தைவிட அகலமாக வலை வீசியிருக்கும்: வேலையில் இருக்கும் காலத்தில் உருவாக்கும் எல்லாமே நிறுவனத்துக்கு என்று ஒரு வரி உள்ளே இருக்கலாம். சேர்ந்த அன்று கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். அப்படி ஒரு வரி இருந்தால், வெளியிடும் முன் எழுத்துமூலம் அனுமதி வாங்கிவிடுவது நல்லது. அலுவலக லேப்டாப்பைத் தொடவே வேண்டாம். மாணவர்கள், கல்லூரியின் திட்டமாகச் சமர்ப்பித்த நிரலுக்குக் கல்லூரியின் விதி என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பின்னாளில் ஒரு நிறுவனம் அந்த ஃபிரேம்வொர்க்கை எடுக்க வரும்போது அவர்களுடைய வக்கீல் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

லைசென்ஸைப் பொறுத்தவரை, பிரவுசர் கேம் உலகம் ஏறக்குறைய ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. ஃபேசர், பிக்ஸி, த்ரீஜேஎஸ், பிளேகேன்வாஸ், கோடோ எல்லாம் எம்ஐடி. பாபிலான், காப்புரிமை (பேட்டன்ட்) பற்றிய தெளிவான வாசகம் உள்ள அப்பாச்சி 2.0. மாற்றி வெளியிடுபவரும் மூலநிரலைத் திறந்து தர வேண்டும் என்று கேட்கும் ஜிபிஎல் லைசென்ஸ் ஏன் இங்கே அதிகம் இல்லை? பிரவுசர் கேமில் ஃபிரேம்வொர்க்கின் நிரலும் கேமின் நிரலும் ஒன்றாகக் கட்டப்பட்டு ஆடுபவரின் கணினிக்கே போய்ச் சேர்கின்றன. அது விநியோகம். ஃபிரேம்வொர்க் ஜிபிஎல் என்றால் கேமின் மூலநிரலையும் அதே விதியில் தர வேண்டிய நிலை வரும். விற்பனைக்கு கேம் செய்பவர்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். கட்டற்ற மென்பொருள் கொள்கையில் உறுதியாக இருப்பவர்களை நான் மதிக்கிறேன். முழுக் கேமை ஜிபிஎல்லில் வெளியிடுவது அழகான செயல். ஆனால் அடுத்தவர் கேம் கட்ட வேண்டிய அடித்தளத்துக்கு எம்ஐடிதான் பொருந்தும்.

எம்ஐடி என்றால் என்ன நடக்கும் என்பதற்கு 2048 என்ற எண் விளையாட்டு சாட்சி. கப்ரியேலே சிருல்லி என்ற இத்தாலிய இளைஞர் 2014 மார்ச்சில், ஒரு வார இறுதியில் எழுதி எம்ஐடி லைசென்ஸில் போட்ட கேம் அது. சில வாரங்களில் ஆப் ஸ்டோர்கள் முழுக்க அதன் நகல்கள், விளம்பரம் போட்டுப் பணம் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். லைசென்ஸ்படி மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லும் அந்த அறிவிப்பை வைத்திருந்தால் போதும். இது நடந்தாலும் பரவாயில்லை என்று மனதார ஒப்புக்கொள்ள முடிந்தால் மட்டுமே எம்ஐடி போட வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு கூர்மையான கோணம் இருக்கிறது. ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து குடும்பங்கள் சிதைந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அதற்கெதிரான தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு, ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்ற பட்டியலை மட்டும் ரத்து செய்தது. பிறகு 2025 ஆகஸ்டில், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடுக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. இந்தச் சூழலில், ‘என் ஃபிரேம்வொர்க்கைச் சூதாட்டத்துக்குப் பயன்படுத்தக்கூடாது’ என்று லைசென்ஸில் ஒரு வரி சேர்க்க நம்மில் பலருக்கு ஆசை வரும். சேர்க்கலாம், ஆனால் அப்புறம் அதை ஓப்பன் சோர்ஸ் என்று அழைக்க முடியாது. எந்தத் துறையில் பயன்படுத்தலாம் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது ஓப்பன் சோர்ஸ் வரையறையின் ஒரு பகுதி. சூதாட்டத்தைத் தடுப்பது சட்டத்தின் வேலையாகவே இருக்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன். அப்படி ஒரு வரியைச் சேர்த்தால் நேர்மையானவர்கள்தான் விலகுவார்கள்.

இன்னொன்று: உதாரணங்களோடு வரும் படங்கள், இசை, எழுத்துருக்கள். நிரலுக்குப் போட்ட லைசென்ஸ் இவற்றை மூடாது. எங்கிருந்தோ எடுத்த சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டு ரிப்போவில் வைத்தால், ஃபிரேம்வொர்க்கை எடுப்பவரும் சேர்ந்து மாட்டுவார். எந்த நிபந்தனையும் இல்லாமல் பயன்படுத்தக் கிடைக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி0 படங்களும், எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரான் போன்ற எழுத்துருக்களும் போதும்.

தமிழ் எழுத்து திரையில் வரும்போது

சென்னையிலிருந்து வரும் ஃபிரேம்வொர்க் உலகத்துக்கு என்ன புதிதாகத் தர முடியும் என்று கேட்டால், என் பதில் இந்தப் பகுதியில் இருக்கிறது.

பெரும்பாலான ஃபிரேம்வொர்க்குகள் ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒரு எழுத்து, ஒரு குறியீடு, ஒரு படம் என்பது அவற்றின் கணக்கு. ஜாவாஸ்கிரிப்டில் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. நமக்கு அது மூன்று எழுத்து. உரையாடல் பெட்டியில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும் அந்தப் பழக்கமான தட்டச்சு விளைவைத் தமிழில் ஓட்டினால், முதலில் ‘ம’ வரும், அப்புறம் அது கண் முன்னாலேயே ‘மி’ ஆகும். ‘கொ’ இன்னும் மோசம். யூனிகோடில் ஒகரக் குறி ககரத்துக்குப் பின்னால் வருகிறது. திரையிலோ அது இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி முன்னால் போய் நிற்க வேண்டும்.

பிரவுசர் தன் சொந்த எழுத்து வசதியால் வரையும்போது இதையெல்லாம் சரியாகவே செய்யும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஹார்ஃப்பஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் எஞ்சின் உள்ளே இருந்து அந்த வேலையைப் பார்க்கிறது. ஆனால் கேம்களில் வேகத்துக்காக பிட்மேப் எழுத்துரு என்ற முறையைப் பயன்படுத்துவார்கள். எல்லா எழுத்துகளையும் ஒரே படத்தில் வரைந்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது வெட்டி ஒட்டுவது. அங்கே பிரவுசரின் உதவி இல்லை. குறியீட்டுக்கு ஒரு துண்டு என்று ஒட்டினால், கொம்பும் காலும் புள்ளி வட்டத்தோடு தனித்தனியே தொங்கும்.

தீர்வு அவ்வளவு கடினமில்லை, அதுதான் இதில் எனக்குள்ள உற்சாகம். பிரவுசர்களில் இப்போது இருக்கும் இன்டல் செக்மென்டர் என்ற வசதி, எழுத்துத் தொடரைக் குறியீடுகளாக வெட்டாமல் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாக வெட்டித் தரும். குரோமில் 2020-லும், சஃபாரியில் 2021-லும், ஃபயர்ஃபாக்ஸில் 2024-லும் வந்தது. தட்டச்சு விளைவுக்கு இதுவே போதும். பிட்மேப் எழுத்துருவிலும் குறியீட்டுக்குப் பதிலாக இப்படி வெட்டிய எழுத்தைச் சாவியாக வைத்துத் துண்டுகளைத் தேடலாம். தேவநாகரியில் கூட்டெழுத்துகள் பெருகிக்கொண்டே போவதால் இது சிரமம். தமிழில் மரபான எழுத்துகள் 247, கிரந்தம் சேர்த்தால் 313. ஓரளவு சிறிய எழுத்தளவில் அத்தனையையும் ஒரே படத்தில் அடக்கிவிடலாம். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும், செக்மென்டர் அவற்றை இரண்டு துண்டாக்கிவிடும்.

கூடவே, எழுத்துருக் கோப்பு வந்து சேரும் வரை காத்திருந்து வரைவது, நீளமான தமிழ்ச் சொற்கள் குறுகிய போன் திரையின் விளிம்பில் முட்டும்போது எங்கே மடக்குவது என்ற சிறு சிறு விஷயங்களையும் பார்த்துவைத்தால், தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் வகுப்புக்கு ஒரு சொல் விளையாட்டை மாலையில் உட்கார்ந்து எழுதிவிட முடியும். மொழி விளையாட்டுகள், ஆடுபுலி ஆட்டம், பல்லாங்குழி என்று நம்மிடம் செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. எழுத்து உடைந்து தெரிவதால் ஒருவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார் என்றால் அது உண்மையிலேயே வருத்தம் தருவது.

இதற்காகப் புது ஃபிரேம்வொர்க் எழுத வேண்டுமா, இருக்கும் ஒன்றில் இதைச் சேர்த்து, ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் போதாதா? பல நேரம் இரண்டாவதுதான் நல்லது. ஒரு பிளக்இன்னாக எழுதி வெளியிட்டால், ஏற்கெனவே அந்த ஃபிரேம்வொர்க்கில் இருக்கும் அத்தனை பேருக்கும் அன்றே பயன்படும். தனியாக வெளியிட, மற்றவற்றில் சேர்க்கவே முடியாத அளவு வேறான ஒரு எண்ணம் இருக்க வேண்டும். மிகச் சிறிய அளவு, குறைந்த விலை போன்களுக்கான வடிவமைப்பு, இணையம் இல்லாமலே ஓடுவது என்பதுபோல.

வெளியான பிறகு

வெளியிட்ட நாளிலிருந்து, ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றுவதுகூட அடுத்தவர் கேமை உடைக்கும். ஃபேசர் 2018 பிப்ரவரியில் மூன்றாம் பதிப்புக்குப் போனபோது அமைப்பே மாறியது. பழைய பதிப்புக்கான பயிற்சிப் பாடங்களைப் பார்த்துப் புதிய பதிப்பில் எழுதியவர்கள், ஏன் ஓடவில்லை என்று தெரியாமல் திண்டாடினார்கள். இரண்டாம் பதிப்பை நம்பியிருந்தவர்களுக்காக ‘கம்யூனிட்டி எடிஷன்’ என்று தனியாக ஒன்றைத் தொடர்ந்தது நல்ல முடிவு. பதிப்பு எண்ணில் முதல் இலக்கம் மாறினால் பழைய நிரல் உடையலாம், கடைசி இலக்கம் மாறினால் பிழைத்திருத்தம் மட்டும்தான் என்ற ஒழுங்கை முதல் நாளிலிருந்தே பிடிப்பது அவசியம். எண்ணில் முதல் இலக்கம் பூஜ்ஜியமாக இருக்கும் வரை எதையும் மாற்றலாம் என்பது பொதுவான புரிதல். அவசரப்பட்டு 1.0 என்று போட வேண்டாம்.

நாம் எதையும் மாற்றாவிட்டாலும் பிரவுசர் மாறும். 2018 ஏப்ரலில் குரோம் 66 வந்தபோது, ஆடுபவர் திரையைத் தொடும் வரை ஒலி வரக்கூடாது என்ற விதி வந்தது. விளம்பர வீடியோக்களின் கூச்சலை அடக்க வந்த விதி. அதில் பழைய கேம்கள் பல ஊமையாகின. எதிர்ப்பு வந்ததால் கூகுள் கேம்கள் பயன்படுத்தும் வெப் ஆடியோவுக்கு மட்டும் தற்காலிக விலக்குத் தந்து, டிசம்பரில் குரோம் 71-ல் மீண்டும் கொண்டுவந்தது. பராமரிக்கப்பட்ட ஃபிரேம்வொர்க்கில் இருந்தவர்கள் புதிய பதிப்பை மாற்றிப்போட்டுத் தப்பித்தார்கள். 2020-ல் சஃபாரி, அதைப் பயன்படுத்திய ஏழு நாட்களில் ஒரு தளத்தைத் தொடாவிட்டால், அந்தத் தளம் பிரவுசருக்குள் சேமித்துவைக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் இருப்பதை அழிக்கத் தொடங்கியது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்தவரின் கேம் நிலை எல்லாம் காணாமல் போகலாம். கோடோ என்ற கேம் எஞ்சினின் நான்காம் பதிப்பில், கேமை பிரவுசரில் ஓட்டச் சர்வரில் சிறப்பு ஹெடர்கள் (பக்கத்தோடு சர்வர் அனுப்பும் குறிப்புகள்) தேவைப்பட்டன. கிட்ஹப்பின் இலவச ஹோஸ்டிங்கான கிட்ஹப் பேஜஸில் அவற்றை வைக்க வழியில்லை. இலவச ஹோஸ்டிங்கை நம்பியிருந்தவர்களுக்கு 4.3 பதிப்பு 2024-ல் வரும் வரை தலைவலிதான்.

வெளி பேக்கேஜ்களை எவ்வளவு குறைவாகச் சார்ந்திருக்கிறோமோ அவ்வளவு நிம்மதி. 2016 மார்ச்சில், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் பொதுக் களஞ்சியமான என்பிஎம்மிலிருந்து லெஃப்ட்பேட் என்ற 11 வரி பேக்கேஜ் ஒன்று நீக்கப்பட்டதும், அதைச் சார்ந்திருந்த ஆயிரக்கணக்கான திட்டங்கள் நின்றுபோயின. சிறியதாகச் செய்யவும் முடியும்: 2012 முதல் நடக்கும் ஜேஎஸ்13கே போட்டியில் முழுக் கேமையே ஜிப் செய்தால் 13 கிலோபைட்டுக்குள் அடங்கும்படி எழுதுகிறார்கள்.

விளக்கவுரை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஃபேசரின் தளத்தில் குவிந்திருக்கும் உதாரணங்களே பாடம். புதியவர் முதலில் விளக்கவுரையைப் படிப்பதில்லை, ஓடும் உதாரணத்தை எடுத்து மாற்றிப் பார்க்கிறார். பத்து நிமிடத்தில் திரையில் ஏதாவது நகர்ந்தால் தங்குவார், இல்லாவிட்டால் போய்விடுவார். தமிழிலும் ஒரு தொடக்கப் பாடம் எழுதி வைத்தால், 2012 முதல் தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் கணியம் போன்ற முயற்சிகளின் வாசகர்களுக்கு நேராகப் போய்ச் சேரும்.

கடைசியாக, ஆள். கேம் ஃபிரேம்வொர்க் எழுதுபவர் பெரும்பாலும் ஒற்றை ஆள். இஷ்யூக்கள் (பயனர்கள் பதியும் பிழைப் புகார்கள்) குவியும், சில கோபமாகவும் இருக்கும். ரிச்சர்ட் டேவி பல ஆண்டுகள், பயனர்கள் பணம் தந்து உதவும் பேட்ரியான் தளத்தின் ஆதரவில்தான் ஃபேசரைக் கொண்டுபோனார். நம் ஊரில் அந்த அளவு ஆதரவு கிடைக்கும் என்று எண்ணி வேலையை விட வேண்டாம். 2024 மார்ச்சில் வெளிவந்த, எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளின் விவகாரத்தையும் நினைவில் வைக்க வேண்டும். தனியாகப் பராமரித்துக் களைத்துப்போன ஒருவரிடம், இரண்டாண்டுக்கு மேல் நல்லவராக உதவி நம்பிக்கை பெற்ற ஒருவர், கடைசியில் உள்ளே ரகசியமாக நுழைய உதவும் பின்கதவு வைத்தார். உதவ வருபவரைச் சந்தேகப்படுங்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. களைத்துப்போகும் முன்பே, நேரில் தெரிந்த இரண்டு பேரையாவது பொறுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு கூட்டங்களும் கல்லூரிக் குழுக்களும் இருக்கின்றன. முதல் பயனரையும் முதல் துணையையும் அங்கேயே தேடலாம்.

நேரம் இல்லாமல் போகும் காலமும் வரலாம். குழந்தை பிறக்கும், வேலை மாறும், ஆர்வம் வேறு பக்கம் போகும். அப்போது ரிப்போவை அப்படியே விட்டுவிட்டு மறைந்துபோகாமல், ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் முதல் வரியில் இனிப் பராமரிப்பு இல்லை என்று எழுதி, கடைசியாக எந்த பிரவுசர் பதிப்புகளில் சோதித்தது என்று குறிப்பிட்டு, கிட்ஹப்பின் ஆர்க்கைவ் வசதியைப் போட்டுவிடலாம். யாராவது தொடர விரும்பினால் எம்ஐடி லைசென்ஸ் அவர்களுக்கு வழிவிடும். ஃபோர்க் செய்து, அதாவது நகலெடுத்து, வேறு பெயரில் தொடர்வார்கள். ரெப்லிட் நிறுவனத்தின் கபூம் என்ற ஃபிரேம்வொர்க் நின்றபோது, அதைப் பயன்படுத்தியவர்களே கேப்ளே என்ற பெயரில் எடுத்து நடத்துகிறார்கள்.